ராத்திரி வண்டி

அன்புள்ள மும்தாஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி போட்டோவைப் பார்த்தேன், அப்படியே உன் உம்மாவின் சாடை. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகியும் ஊர் இன்னும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

இங்கே ஒரே பேச்சு ஆம்புலன்ஸைப் பற்றித்தான். விலக்கில் வேப்பமரத்தடியில் நிற்குமே, அந்த வண்டியை ராத்திரியில் டவுனுக்கு மாற்றப் போகிறார்களாம். இந்தப் பக்கம் கேஸ் குறைவாம், வண்டி சும்மா நிற்கிறதாம். மாற்றினால், டவுனிலிருந்து வந்து ஆளை ஏற்றவே அரை மணி நேரம் ஆகும். அப்புறம் ராமநாதபுரத்துக்கு முக்கால் மணி. அங்கேயும் முடியாதென்றால் மதுரை, இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல்.

சும்மா நிற்கிறது என்ற பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காற்று கடுத்தால் நம் கரையில் ஒரு வல்லத்துக்கு டீசல் ஊற்றி வைத்திருப்பார்கள், திரும்பாதவனைத் தேடிப் போக. அதை யாராவது சும்மா நிற்கிறது என்பார்களா? அதிலும் அவர்கள் கணக்கெடுத்தது மே மாதத்தில். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் இறங்காது. பாதி ஆம்பளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்போது அடிபட ஆள் ஏது?

தை மாதம் நடந்ததைக் கேள். வலையில் மீன் கழித்துக்கொண்டிருந்த பையன், பத்தொன்பது வயது, கையில் சுருக்கென்றது என்று வந்தான். வீக்கமில்லை, வலியில்லை, ரெண்டே புள்ளி. நண்டா என்றால், கடல் பாம்பு என்று சிரிக்கிறான். நான் உடனே வண்டிக்குப் போன் போட்டேன். “இதுக்கு எதுக்கு நர்சம்மா ஆம்புலன்ஸு?” என்று அவன் அம்மாவே சடைத்துக்கொண்டாள். வண்டி வந்தபோது அவனுக்கு இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது, தொடையும் கழுத்தும் பிடித்து இழுக்கிறது என்றான். நானும் ஏறிக்கொண்டேன். திருப்புல்லாணி தாண்டும்போது நெஞ்சு ஏறி இறங்குவதே தெரியவில்லை. வண்டியில் வந்த பெண் அவன் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, பையை அமுக்கிவிட்டு வாய்க்குள் ஐந்துவரை எண்ணினாள், மறுபடி அமுக்கினாள். ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த எண்ணிக்கை நிற்கவில்லை.

பாம்புக்கடி ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் கேட்கும், கடல் பாம்புக்குக் கேட்காது. விஷம் இறங்கும்வரை மூச்சை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். மூன்று நாள் மெஷினில் கிடந்தான். இப்போது வாரம் ஒருமுறை எனக்கு மீன் கொண்டுவருகிறான், காசு கொடுத்தால் ஓடிவிடுகிறான்.

தமிழ்நாட்டுக்கு 108 வந்தது 2008இல். அதற்கு முன் நாம் போன போக்கு உனக்குத் தெரியும். உன் சாச்சியை மீன் லாரியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துக் கொண்டுபோனோமே.

டவுனுக்கும் வண்டி வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு இன்னொன்று வாங்கட்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடப் போகிறோம். அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு. வெறும் கையெழுத்து போதாது, வண்டியால் பிழைத்த கதைகளை நானே வீடு வீடாக எழுதி வாங்குகிறேன். உன் உம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரியை நீ எழுதி அனுப்பு. எத்தனை மணிக்குப் போன் போட்டீர்கள், வண்டி எப்போது வந்தது, ஆஸ்பத்திரி எப்போது சேர்ந்தீர்கள், இது மூன்றும் இருந்தால் போதும். அழுததையெல்லாம் எழுதாதே, அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

சரி, நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் மொட்டைமாடியில் ஒரு வெயில் காட்டிவிடு, சென்னை ஈரத்தில் பூத்துவிடும்.

அன்புடன்,
செல்வி