உன் பெயருக்குப் பூட்டுப் போடாதே

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

டிவியில் படம் பார்க்கிற ஓடிடி ஆப்பில் உன் பெயருக்குள் போய் நான் படம் பார்ப்பதால் உனக்குச் சிவாஜி, ஜெமினி படமாகவே எடுத்து நீட்டுகிறது என்று கோபித்துக்கொண்டாய். போன வாரம் "அப்பா" என்று தனியாக ஒன்று போட்டும் கொடுத்துவிட்டாய். சரி. உள்ளே போனதும் உங்களுக்குப் பிடித்த மூன்று படத்தைத் தொடுங்கள் என்றது. உன் அம்மாகூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

நம் வீட்டுக்கு டிவி வந்தது 1983இல். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975லேயே ஆரம்பித்தாயிற்று என்றாலும் தூத்துக்குடிக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினிதான் கடல் தாண்டி வந்தது. காற்றில் ஆண்டெனா திரும்பிவிட்டால் நான்தான் மொட்டைமாடிக்கு ஏறுவேன். கீழேயிருந்து தாத்தா, "இன்னும் கொஞ்சம்... வந்துட்டு... ஏலே, போச்சு!" என்று கத்துவார். தமிழ் நிகழ்ச்சி கொஞ்ச நேரம்தான். மற்ற நேரம் சிங்களம். ஒரு எழுத்துப் புரியாது. தெருவே நம் திண்ணை வரைக்கும் உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் தூர்தர்ஷனும் எட்டி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது. பிடிக்காத பாட்டு என்றாலும் ஓடி முடியும்வரை உட்கார வேண்டியதுதான். அந்தப் பாட்டை யார் பொறுக்கினார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போது நான் எந்தப் படத்தை எங்கே பாதியில் விட்டேன் என்று அந்த ஆப் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்ததைப் பொறுக்குகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒரு சாவித்திரி படம் பார்த்துவிட்டால் பத்து நாளைக்கு அழுகைப் படமாகவே வந்து நிற்கிறது.

விஷயம் அதில்லை. உன் பெயருக்குள் போனால் நீ பாதியில் விட்டதெல்லாம் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிவப்புக் கோடு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி நான் படுக்கும்போது ஏதோ கொரியன் தொடரில் மூன்றாம் பாகத்தில் இருந்தாய். விடிந்து பார்த்தால் எட்டும் முடிந்திருந்தது. தூக்கம் வரவில்லையா என்று கேட்க வாய் வந்தது. வேவு பார்க்கிறாயா என்பாய். அதனால்தான் அன்றைக்குக் காலையிலேயே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா"வுக்குள் நான் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது.

பழைய படத்தையெல்லாம் இனி அதிலேயே பார்த்துக்கொள்கிறேன். உன் பெயருக்கு நம்பர் பூட்டு போடலாமாமே, அதை மட்டும் போட்டுவிடாதே. எதையும் தொட மாட்டேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அப்பா