காற்று சீட்டும் ரெக்ஸின் கவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கேற்ற கார்கள் பற்றிய கட்டுரையில், காற்று சீட்டுக்குள் (வென்டிலேட்டட் சீட்) குட்டி ஏசி இருப்பதுபோல் எழுதியிருந்தீர்கள். மீனமாத (பங்குனி) சூட்டில் எங்கள் பாலக்காட்டுப் பக்கம் புது வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அந்த சீட்டைத்தான். அதனால் ஒரு திருத்தம்.

நம்மூரில் ஓடுகிற, இந்த சீட் உள்ள கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது வெறும் ஃபேன். பொடித்துளை போட்ட தோல், அதற்கடியில் காற்று பரவ வலை போன்ற ஓர் அடுக்கு, அதற்கும் கீழே 12 வோல்ட் ஃபேன். காற்று நகர்வதால் வியர்வை உலர்கிறது, முதுகு சில்லென்றிருக்கிறது. அவ்வளவே. நிஜமாகவே குளிரவைப்பது பெல்டியர் தகடு: மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத் தனி வழியும் வேண்டும். அது விலை கூடிய சில வண்டிகளில்தான்.

ஆகவே வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் சீட் பொத்தானை அழுத்தினால் வருவது அனல்தான். கண்ணாடியை இறக்கி, ஏசியை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு போடுங்கள். சீட்டுக்கடியிலிருந்து காற்றை எடுத்து மேலே ஊதும் வகை என்றால், ஏசியைக் கால் பக்கமும் திருப்பிவிடுங்கள்.

டாப் மாடலுக்குக் கூடுதல் பணம் கட்டி, மறுநாளே காற்றுத் துளைகளை அடைக்கும் ரெக்ஸின் கவர் மாட்டுகிறவர்களை என்ன சொல்ல? துளைக் கவர் என்று விற்பவற்றிலும் பலவற்றில் மேலேதான் துளை, பின்னால் ஒட்டிய பஞ்சில் இல்லை. வாங்குமுன் ஒரு பக்கம் வாய் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படவேண்டும்.

ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்க்க, சீட்டின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் போதும். காற்றைக் கீழே உறிஞ்சும் வகையில் ஒட்டிக்கொள்ளும், ஊதும் வகையில் படபடக்கும். இரண்டும் இல்லையென்றால் குனிந்து அடியில் பாருங்கள். ஈரக்குடை, துணிப்பை, சுருண்ட மேட் என்று ஏதாவது வழியை அடைத்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் மார்கழி, தை கழிந்தால் ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். கடகடச் சத்தத்துக்கும் பல நேரம் அதுவே காரணம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி ஃபேன் வயரின் கனெக்டர் தளர்வதும் உண்டு. ஆனால் அங்கே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஏர்பேக்குக்குப் போவது அது.

தோல் பாலிஷை சீட்டில் நேரே ஊற்றவே கூடாது. துணியில் தொட்டுத் துடையுங்கள். துளைக்குள் இறங்கி இறுகியதை எடுக்க சீட்டையே பிரிக்கவேண்டி வரும்.

இப்படிக்கு,
கார் சீட், எலக்ட்ரிகல் வேலைக்காரர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.