மேசையும் குசினியும்

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பெரு நாட்டின் லிமாவில் உன்னோடு இருந்த மூன்று மாதமும் எனக்கு ஸ்பானிஷ் பிடிபடவே இல்லை. ஆனால் முதல் நாளே இரண்டு சொல் விளங்கிவிட்டது: மேசா, கொசினா. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன மேசையும் குசினியும் அங்கேயும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். அந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் வீட்டில் வேலை செய்யும் அந்த அம்மா, சமைத்ததை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். வருவதும் போவதும் பின்பக்க லிஃப்டில். நான் கேட்டபோது, "இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தானம்மா. சாதி கீதி ஒன்றும் இல்லை, எல்லாரும் கலந்த ஆட்கள்" என்றாய். தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஏனென்று கேட்டதற்கு என் அம்மாவும் "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றுதான் சொன்னார்.

ஊருக்கு வந்த பிறகு தேடித் தேடி வாசித்தேன். லிமாவுக்குத் தெற்கே ஆசியா என்ற கடற்கரையில், வீட்டுப் பணிப்பெண்கள் பகலில் கடலில் இறங்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்ததாம். 2007இல் ஒரு கூட்டம் பணிப்பெண்களின் சீருடையை உடுத்துக்கொண்டு போய் அந்தக் கடலில் இறங்கியது. கால் நனைக்கவே போராட வேண்டியிருந்த நாட்டில், எல்லாரும் கலந்த ஆட்கள் என்ற பேச்சை எப்படி நம்புவது?

அந்த அம்மாவின் ஊர் மலைநாட்டு அயகூச்சோ. 1980 முதல் 2000 வரை அரசபடைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் நடந்த சண்டையில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறக்குறைய 69,000 பேர் என்று 2003இல் உண்மை ஆணைக்குழு கணக்கிட்டது. நாலில் மூன்று பேரின் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறொரு பழங்குடி மொழி. அதிகம் பறிகொடுத்தது அயகூச்சோ. மற்ற இடத்துச் சனங்கள் அந்த அழிவைத் தங்களுடையதாக உணரவில்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. காணாமல் போனவர்களைத் தேடி அயகூச்சோத் தாய்மார் 1983இலேயே சங்கம் அமைத்தார்கள். பிள்ளை, இதெல்லாம் எங்களுக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டிய கதையா?

கெச்சுவாவுக்கு 1975இலேயே அரசகரும மொழி என்ற இடம் கொடுத்திருக்கிறார்கள். 2017 கணக்கெடுப்பில் 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாய்மொழி என்றார்கள். ஆனாலும் 2021இல் பிரதமர் கிடோ பெயீதோ பாராளுமன்றத்தில் கெச்சுவாவில் பேசத் தொடங்கியதும் எதிர்ப்புச் சத்தம் கிளம்பியது. பிரதமருக்கே அப்படி என்றால் குசினியில் நிற்பவர் வாயைத் திறப்பாரா?

பேரனோடு நீ தமிழ் கதைப்பதில்லை என்று நான் சண்டை பிடித்தேனே, அன்று பின்னேரம்தான் உன்னைக் கொண்டு அவரிடம் கேட்பித்தேன், உங்கள் பிள்ளைகளுக்குக் கெச்சுவா தெரியுமா என்று. "பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், அதனால் சொல்லிக் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீ வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் கையைக் காட்டிக் காட்டிக் கதைப்போம். வாசி என்றால் வீடு. வாசிய், என் வீடு. வாசிய்பி, என் வீட்டில். எங்கள் தமிழைப் போலவே சொல்லின் வாலில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகிறது! உட்காருவதற்கும் குடியிருப்பதற்கும் அவர்களுக்கும் ஒரே சொல்தான்: தியாய். நாங்கள் "இருங்கோ" என்பதை அவர்கள் "தியாய்குய்" என்கிறார்கள்.

நாளைக்கு மத்தியானம் மேசையில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு நீயே அந்தச் சொல்லை அவரிடம் சொல்லு. வெட்கப்பட்டு மறுப்பார். அப்போது பேரனை விட்டுச் சொல்லச் சொல்லு. அவன் கூப்பிட்டால் வருவார்.

மோர்மிளகாய் இரண்டு பொதியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்று அவருக்கு.

அன்புடன்,
அம்மா