கட்டைவிரல் வலியும் தொழில் நோய்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் சின்னாளப்பட்டியில் வசிக்கிறேன். வயது 44. பதினோரு ஆண்டுகளாகச் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன். தனியாகக் கடை கிடையாது. வீட்டு முன்னறையில் இரண்டு பீரோ நிறையச் சேலையும் கையில் ஒரு செல்போனும்தான் என் கடை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. இரண்டே நாளில் மனு தயாராகிவிட்டது. கதிர்வீச்சால் குழந்தைகளுக்கு ஆபத்து, புற்றுநோய் வரும், ஆகவே அனுமதி தரக் கூடாது என்று கலெக்டருக்கு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். எதிர்வீட்டு அக்கா என்னிடம் பேனாவை நீட்டியபோது என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை. வலது மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் நுனி வரை பட்டை கட்டியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். போனால் வந்தது என்றேன். "பார்த்தாயா, அந்தக் கதிர்வீச்சு உன்னையும் பிடித்துவிட்டது" என்று அவர் கண் கலங்கினார்.

அக்காவை அன்று என்னால் சமாதானப்படுத்த முடியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதையும், அவரைப் போன்ற எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியதையும் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் கைக்கு வந்ததை முதலில் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் மாடியில் சேலையை விரித்துப் படம் எடுத்துவிடுவேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு நிறம் காப்பிப்பொடி நிறமாகத் தெரியும். சேலை வந்து சேர்ந்ததும் சண்டை வரும். வாட்ஸ்அப்பில் படம் போட்ட ஐந்தாவது நிமிடம் கேள்விகள் தொடங்கும். முந்தானையைக் காட்டுங்கள், பார்டர் எத்தனை அங்குலம், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, கூரியர் செலவு எவ்வளவு? எழுநூறு ரூபாய்ச் சேலை ஒன்று விற்க முப்பது செய்தியாவது எழுத வேண்டும். தமிழில் ஓர் எழுத்துக்கு இரண்டு தட்டு, மூன்று தட்டு. போனை வலது உள்ளங்கையில் வைத்து, சுண்டுவிரலால் அடியில் முட்டுக்கொடுத்து, கட்டைவிரல் ஒன்றாலேயே அத்தனையும் தட்டுவேன். ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரை இரவு பதினொரு மணிக்கு முன் போனைக் கீழே வைத்ததில்லை.

போன ஐப்பசியில்தான் வலி தொடங்கியது. குக்கர் மூடியைத் திருகினால் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் சுரீர் என்று இழுக்கும். ஈரத் துணியைப் பிழிய முடியாது. சேலை மடிப்பதற்குக் கட்டைவிரல்தான் ஆதாரம். நான்காவது சேலையிலேயே கை விட்டுப்போகும். சுளுக்கு என்று நினைத்து மாமியார் எண்ணெய் விட்டு நீவினார். பிறகு சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போய், விரலைப் பிடித்து இழுத்துவிடச் சொன்னேன். அன்று மாலையே அந்த இடம் எலுமிச்சங்காய் அளவு வீங்கிவிட்டது. இப்படியே மூன்று மாதம் வீணாயிற்று.

கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் அதை மூடி, அந்த முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தவுடன் கத்திவிட்டேன். கட்டைவிரலை விரிக்கிற, நீட்டுகிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றனவாம். ஓயாத வேலையால் அந்த உறை தடித்து இறுகிவிட்டது என்றார். எனக்கு உடனே உள்பாவாடை நாடா நினைவுக்கு வந்தது. நாடா ஓடுகிற மடிப்பைக் குறுக்கித் தைத்துவிட்டால் நாடா சிக்கும். பிடித்து இழுக்க இழுக்க மடிப்பு இன்னும் சுருங்கும். என் கையிலும் அதுதான் நடந்திருக்கிறது. நீவினதும் இழுத்ததும் வீக்கத்தைக் கூட்டியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

1895இல் டி குவெர்வைன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் இந்த நோயை விவரித்தார்; இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆங்கில நாட்டில் இதற்கு இன்னொரு பழைய பெயர் உண்டு: துணி வெளுக்கும் பெண்களின் சுளுக்கு. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாள் முழுக்கப் பிறர் துணியைப் பிழிந்த பெண்களுக்கு வந்த வலி, நூறு ஆண்டு கழித்து நாள் முழுக்கப் போனைத் தட்டுகிற பெண்ணுக்கு வந்திருக்கிறது. அவர்கள் வலிக்கு அவர்கள் தொழிலின் பெயரையாவது வைத்தார்கள்.

எங்கள் தெருவில் தறிக்காரர் ஒருவர் முதுகு வலி என்று சொன்னால் ஊரே இரக்கப்படும். நாற்பது வருடக் குழித்தறி, வலிக்காதா என்பார்கள். நான் கட்டைவிரல் வலி என்று சொன்னபோது கணவர், மாமியார், தங்கை, கூரியர் கொடுக்க வருகிற தம்பி என்று எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "போனைக் கீழே வை." அதைச் சொன்ன யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் நான் ஏதோ தவறு செய்து, அதற்குத் தண்டனை அனுபவிப்பது போன்ற தொனி இருக்கிறது. என் மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தப் போனில்தான் வருகிறது. தறிக்காரரிடம் யாராவது தறியைக் கீழே வை என்று சொல்வார்களா? உணவு கொண்டுவந்து தரும் பிள்ளைகள், காப்பீட்டு முகவர்கள், கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறவர்கள் என்று இன்று எத்தனை பேருக்குப் போனே தறி, போனே ஏர்! அவர்களுக்கு வருகிற கழுத்து வலியையும் விரல் வலியையும் கெட்ட பழக்கத்தின் விளைவு என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளுவதால் அவர்களும் வெளியே சொல்வதில்லை. நான் மூன்று மாதம் மருத்துவரிடம் போகாததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

இனி கதிர்வீச்சு. அக்காவின் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அவர் கணவர் லாரி செட்டில் கணக்கு பார்த்தவர். எப்போதும் காதில் போன் இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் மூளைக் கட்டியில் இறந்துபோனார். அந்த வீட்டில் இருந்து பார்த்தால் டவர் என்பது வெறும் இரும்பு இல்லை. ஆகவே இயற்பியல் படிக்கும் என் மகளை உட்காரவைத்து, தெரிந்ததை எல்லாம் எடுத்துச் சொல்லச் சொன்னேன்.

அவள் சொன்னதன் சாரம் இது. போனும் டவரும் அனுப்புவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அளவு மிகுந்தால் திசுவைச் சூடாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்ற பொருளில் அமைந்த பிரிவு அது. முழுக் கற்றாழை இலையின் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பலரும் அந்த 2011ஆம் ஆண்டுச் செய்தியோடு நின்றுவிட்டார்கள். அதன் பிறகு, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து, 2024இல் முடிவு வெளியிட்டார்கள். போன் பேசுவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பேசியவர்களிடமும் தென்படவில்லை.

நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைகளுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். போனிலிருந்து உடல் உள்வாங்கும் அலைக்கும் திசு கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு அப்போது வந்தது. *#07# என்று அழுத்தினால் பல போன்களில் அந்த அளவு திரையிலேயே தெரியும். மகள் சொன்னவற்றில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் டவரை எட்டிப்பிடிக்க நம் கையில் இருக்கும் போன் கூடுதல் விசையோடு அலை அனுப்புகிறது. டவரைத் தெருவைவிட்டுத் துரத்திவிட்டு, காதோடு ஒட்டிய போனைக் கூடுதலாக உழைக்கவைத்தால் என்ன லாபம்?

அப்படியும் ஐயம் தீராதவர்கள் அளந்து பார்க்கச் சொல்லலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017இல் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தைத் தொடங்கியபோது, யார் வேண்டுமானாலும் 4,000 ரூபாய் கட்டி ஒரு டவரின் அலை அளவைச் சோதிக்கச் சொல்லலாம் என்று வழி செய்தது. எங்கள் தெருவில் இருபது வீடு சேர்ந்தால் வீட்டுக்கு இருநூறு ரூபாய்தான்.

எனக்கு ஆறு வாரம் பட்டை, சில நாள் மாத்திரை, ஐஸ் ஒத்தடம், அதிலும் அடங்காமல் அந்த உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் உறையைக் கீறிவிடும் சிறிய அறுவை உண்டு என்றார்கள்; நல்ல வேளையாகத் தேவைப்படவில்லை. இப்போது போனை மேசையில் ஒரு தாங்கியில் நிறுத்தி, ஆள்காட்டி விரலால் தட்டுகிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதிச் சேமித்து வைத்திருக்கிறேன். மற்றவற்றைக் குரலில் பேசி அனுப்புகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் பதில் கிடையாது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் என் கையைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் தங்களுக்கும் அதே இடத்தில் வலிக்கிறது என்றார்கள்.

போனைத் தாங்கியில் வைத்ததில் கழுத்துக்கும் ஓய்வு கிடைத்தது. தலையின் எடை ஐந்து கிலோ அளவுதான். ஆனால் அறுபது பாகை குனிந்தால் கழுத்து எலும்பில் விழும் பாரம் 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார். அது கணக்கில் வந்த எண், கழுத்தில் கருவி வைத்து அளந்தது இல்லை. ஆனாலும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாரம் புரியும். கண் எரிச்சலுக்கு மருத்துவர் சொன்னது எளிய வழி: திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துபோகிறது, ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது வினாடி பார்க்க வேண்டும். நான் தெருமுனை வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. போன் வழியாக விற்பது எப்படி என்று மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்கள். நானும் ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறேன். படம் எடுப்பதும் பணம் வாங்குவதும் சொல்லிக்கொடுத்தார்கள். போனை எப்படிப் பிடிப்பது, எப்போது கையை ஓய்வாக விடுவது என்று அரை மணி நேரம் சொல்லியிருந்தால் எனக்கு இந்த நிலை வந்திருக்காது. தையல் சொல்லிக்கொடுப்பவர் முதுகை எப்படி வைப்பது என்று சொல்லாமல் மிஷினில் உட்காரவிட மாட்டார். இந்தப் பயிற்சிகளிலும் அதைச் சேர்க்கும்படி அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தங்கள் மருத்துவப் பக்கத்தில் எலும்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் யாரையாவது எழுதச் செய்யுங்கள். வீங்கிய மணிக்கட்டை இழுக்கக் கூடாது, நீவக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த முஷ்டிச் சோதனையை வீட்டில் செய்து பார்த்து, நாமே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வலிக்குமாம்.

மனு என் கையெழுத்து இல்லாமலே போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் இரண்டு மாதமாக அதே இடத்தில் வலி. கதிர்வீச்சுதான் என்று முடிவு செய்து, போனைச் சமையலறைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கிறார். யாருடனும் பேசுவதையே குறைத்துவிட்டார். வலி குறையவில்லை. அவரைத் திண்டுக்கல்லுக்கு நான்தான் அழைத்துப் போனேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஆறு மாதப் பேத்தியை நாளெல்லாம் தூக்கி இறக்குகிறேன் என்றார் அக்கா. கட்டைவிரலை விரித்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறீர்களா என்று மருத்துவர் கேட்டதும், ஆமாம் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே உறை, அதே வீக்கம். உள்ளங்கையை அடியில் கொடுத்துக் குழந்தையை ஏந்தி எடுக்கச் சொல்லி, பட்டை கட்டி அனுப்பினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் உடன் போகிறேன்.

இப்படிக்கு,
சேலை வியாபாரம் செய்யும் ஒரு வாசகி,
சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.