மீன்பிடிப் படகில் டியூபும் ஸ்கீயும்: மகளுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படகு. பின்பலகை திடமாக இருக்கிறது, ஓரங்கள் நல்ல உயரம், முன்னால் நின்று தூண்டில் வீச அகலமான மேடை. மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதில் தப்பே இல்லை. இப்போது பிள்ளைகள் டியூப் (காற்றடைத்த மிதவையில் படுத்துக்கொண்டு படகின் பின்னால் இழுபட்டுப் போவது), வாட்டர் ஸ்கீ (காலில் பலகை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்கிப் போவது) என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இது அதற்கு ஆகுமா, இல்லை விற்றுவிட்டு வேறு பார்க்கவேண்டுமா என்று கேட்டிருந்தாய்.

விற்க வேண்டாம், தாராளமாக ஆகும். 1922 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் பெபின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் முதன்முதலாகத் தண்ணீர்மேல் ஸ்கீ போனபோது, ஸ்கீ படகு என்று தனியாக எதுவும் கிடையாது. மரப்பலகையின் நுனியை வெந்நீரில் வேகவைத்து வளைத்துக்கொண்டான். அண்ணன் படகை ஓட்டினான். பல நாள் விழுந்து விழுந்து எழுந்தபிறகுதான், பின்னால் சாய்ந்து பலகை நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டால் நிற்கமுடியும் என்பது அவனுக்குப் பிடிபட்டது. இன்றைக்கும் முதல் பாடம் அதுதான். அதனால் படகைப் பற்றி நீ தயங்கவேண்டாம். ஆனால் மீன் பிடிக்கப் போகும் நாளில் உன் படகு வேறு, பிள்ளைகளை இழுக்கும் நாளில் அது வேறு. இந்த மாற்றத்தை ஒவ்வொரு முறையும் முழுதாகச் செய்யவேண்டும்.

முதலில் எஞ்சின். ஐந்து மீட்டர் அளவுள்ள அலுமினியப் படகில் 40, 50 ஹெச்பி (குதிரைத்திறன்) இருந்தால் டியூபில் ஒன்றிரண்டு பிள்ளைகளைச் சிரமமில்லாமல் இழுக்கலாம். இரண்டு ஸ்கீயில் நிற்கும் சிறுவனையும் தூக்கிவிடும். பெரியவர்களை ஆழத்திலிருந்து எழுப்புவதுதான் கடினம். அதற்கு 70, 90 ஹெச்பி இருந்தால் நிம்மதி. வேகமாக ஓடும் சக்தியைவிட, நின்ற நிலையிலிருந்து சட்டென்று தண்ணீர்மேல் ஏறும் சக்திதான் இங்கே தேவை. மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் மீன் இருக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்காகப் பிட்ச் அதிகமான புரொப்பல்லர் போட்டிருப்பார்கள். புரொப்பல்லர் என்பது தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறி, பிட்ச் என்பது அது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அங்குலத்தில் சொல்வார்கள். பிட்ச் கொஞ்சம் குறைந்த இன்னொரு புரொப்பல்லரை வாங்கி வைத்துக்கொண்டால் படகு துள்ளி எழும். ஓர் அங்குலம் பிட்ச் குறைந்தால் எஞ்சினின் சுற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். முழு வேகத்தில் அந்தச் சுற்று, எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள். கிளம்பும்போது படகில் இருப்பவர்களைக் கொஞ்சம் முன்பக்கமாக உட்காரவைப்பதும் உதவும், அதற்குச் செலவே இல்லை.

சரி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. ஸ்கீதான் ஆபத்து, டியூப் விளையாட்டுச் சாமான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கீயில் போகிறவனுக்குத் தன் போக்கு தன் கையில் இருக்கிறது. பயந்தால் கைப்பிடியை விட்டுவிடுவான், உடனே தண்ணீரில் அமிழ்ந்து நின்றுவிடுவான். காலை மாற்றி அழுத்தினால் திரும்பவும் செய்வான். டியூபில் படுத்திருக்கும் பிள்ளையால் ஒன்றுமே செய்யமுடியாது. திருப்ப முடியாது, நிறுத்த முடியாது, எதிரே கரை வந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். அந்தப் பிள்ளையின் உடம்பு முழுக்க ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் கையில் இருக்கிறது.

அதோடு, படகு திரும்பும்போது டியூப் கவண்கல் போல வெளிப்பக்கமாக வீசப்படும். அந்த நேரத்தில் டியூபின் வேகம் படகின் வேகத்தைவிட மிக அதிகம். ஸ்பீடோமீட்டர் 25 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருக்கும், பிள்ளை அதற்குமேல் எவ்வளவோ வேகத்தில் பறந்துகொண்டிருப்பான். அவன் வீசப்படும் திசையில் ஒரு படகுத்துறையோ பாறையோ மிதவையோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால் கயிற்றின் நீளத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் இரண்டு பக்கமும் காலியாக இருக்கவேண்டும். திருப்பம் எப்போதும் அகலமாக, மெதுவாக. டியூப் வெளியே வீசத் தொடங்கினால் வேகத்தைக் குறை. வீசவேண்டும் என்றே திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும், செய்யாதே.

சின்னவளுக்கு மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். பெரியவனுக்கு 20, 22. பெரியவர்களுக்கே 30-ஐத் தாண்டவேண்டாம். இது படகில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆமை வேகமாகத் தெரியும். தண்ணீருக்கு அரை அடி மேலே படுத்துப் போகிறவர்களுக்கு அப்படித் தெரியாது. முதல் சுற்றில் நீ ஒருமுறை டியூபில் ஏறி, மாப்பிள்ளையை ஓட்டச் சொல். அப்புறம் மாறிக்கொண்டு அவரை ஏற்றிவிடு. எந்த வேகம் போதும் என்பது அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துவிடும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே டியூபில் ஏற்றுவதற்கு இப்போது அவசரப்படாதே. எடை வித்தியாசம் அதிகம், ஒரு குலுக்கலில் தலையோடு தலை மோதும்.

ஓட்டுபவர் முன்னால்தான் பார்க்கவேண்டும். பின்னால் பார்க்க இன்னொருவர் வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் வேலை. பல நாடுகளில் இது சட்டமே. சட்டம் இல்லாத இடத்திலும் நான் விடமாட்டேன். கண்ணாடி வைத்துக்கொண்டு தனியாக ஓட்டலாம் என்பார்கள், கேட்காதே. நீங்கள் இருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால் ஒருவர் ஓட்டுங்கள், ஒருவர் பாருங்கள். ஒருவர் மட்டும் போகும் நாளில் தூண்டில் போடுங்கள், டியூப் கரையிலேயே இருக்கட்டும். பெரியவனைப் பின்னால் பார்க்க உட்காரவைக்கலாமா என்று நீ யோசிப்பாய். அவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும். பத்து நிமிடம் பார்வையை எடுக்காமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

கை சைகைகளைக் கரையிலேயே பழக்கிவிடு. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. தலையில் தட்டினால் வீட்டுக்குப் போகலாம், போதும். கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டினால் உடனே நிறுத்து. விழுந்த பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் கோத்துக் காட்டினால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். இந்தக் கடைசி சைகைதான் முக்கியம். அதைக் காட்டாத பிள்ளையிடம் உடனே போகவேண்டும்.

இனி படகைக் காலி செய்வது. மீன்பிடிப் படகுக்கே உரிய வேலை இது, ஸ்கீ படகு வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. தூண்டில்கள், முள் பெட்டி, கத்தி, வலை எல்லாம் கரையிலேயே இறங்கவேண்டும். பெட்டியில் மூடி வைத்தால் போதும் என்று விட்டுவிடாதே. தரையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு முள் போதும், ஈரக்காலோடு ஏறும் பிள்ளை மிதித்துவிடும். கீழே குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார். முன்மேடையில் இருக்கும் உயரமான நாற்காலியைக் கழற்றிவிடு. ஓடும் படகில் அங்கே யாரும் உட்காரக்கூடாது, முன்னால் விழுந்தால் நேராகப் புரொப்பல்லருக்குத்தான் போவார்கள். முன்னால் இருக்கும் சின்ன மின்மோட்டாரை மடக்கிப் பூட்டு. பின்பலகையில் மீன் காட்டும் கருவியின் சென்சார் நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு அதில் மாட்டாதபடி பார்த்துக்கொள். கம்பு செருகும் குழாய்களும் அப்படியே. நங்கூரம் இருக்கட்டும், ஆனால் கட்டிப்போட்டு.

கயிற்றைப் பற்றிப் படத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. சுருட்டி வைத்திருக்கும் வெள்ளைக் கயிறு நங்கூரக் கயிறு. அதை இதற்கு எடுக்கவே கூடாது. அது நைலான், நன்றாக நீளும். எங்காவது பிடி விட்டால் இழுபட்ட வேகம் முழுதோடும் திரும்பி முகத்தில் அடிக்கும். தண்ணீரில் முங்கவும் செய்யும், முங்கிய கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். டியூபுக்கு என்றே மிதக்கும் கயிறு வருகிறது, 15 முதல் 20 மீட்டர் நீளம். ஒருவர் ஏறும் டியூபுக்கு 680 கிலோ தாங்கும் கயிறு, இருவர் ஏறினால் ஏறத்தாழ 1,080 கிலோ. ஒரு பிள்ளையின் எடைக்கு இவ்வளவா என்று கேட்பாய். எடை கொஞ்சம்தான், ஆனால் டியூப் ஓர் அலையில் மூக்கைக் குத்தினால் வரும் இழுவை பயங்கரம். ஸ்கீ கயிறு வேறு, அது 23 மீட்டர், அதிகம் நீளாது. டியூபுக்கு அதைக் கட்டாதே.

எங்கே கட்டுவது? ஓரத்தில் கயிறு கட்டும் கொக்கியில் கட்டினால் படகு ஒருபக்கமாக இழுக்கும், கொக்கியும் பிய்ந்துகொண்டு வரும். நாற்காலிக் குழாயிலும் கட்டக்கூடாது. பின்பலகையில் இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் இருக்கின்றன பார், டிரெய்லரில் ஏற்றும்போது கட்டுவோமே, அவைதான். அந்த இரண்டிலிருந்தும் எஞ்சினைச் சுற்றி ஒரு இணைப்புக் கயிறு போகும், நடுவில் மிதவையும் ஓர் உருளையும் இருக்கும். திரும்பும்போது உருளை நகர்ந்து இழுவையை இரண்டு வளையத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். கயிறு எஞ்சினில் உரசாமலும் இருக்கும். வளையத்தின் மறைகள் உள்பக்கம் இறுகியிருக்கின்றனவா என்று ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிடு.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மாப்பிள்ளையிடம் நீயே பேசிவிடு. மீன் பிடிக்கும்போது போட்டுக்கொள்ளும், தண்ணீர் பட்டதும் தானாகக் காற்றடைத்துக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட் இழுபடுகிறவர்களுக்கு உதவாது. நுரை வைத்த, உடம்போடு இறுகக் கட்டும் ஜாக்கெட்தான் வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார், காதுவரை ஏறினால் அளவு பெரிது.

யாராவது விழுந்தால் பதறிச் சட்டென்று திருப்பக்கூடாது. வேகத்தைக் குறைத்து, மெதுவாகச் சுற்றி வந்து, ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கமாக நெருங்கவேண்டும். பிள்ளை எப்போதும் ஓட்டுபவரின் கண்ணில் இருக்கவேண்டும். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடு. நியூட்ரலில் போட்டால் போதாது, நியூட்ரலிலும் புரொப்பல்லர் சுற்றுவது உண்டு. ஓட்டுபவர் இடம்விட்டு விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சின் கயிற்றை அவர் மாட்டியிருப்பதைக் கிளம்பும் முன் பார். உன் படகில் ஏணி இல்லை, ஓரமும் உயரம். எஞ்சினின் அடித்தட்டில் கால்வைத்து ஏறும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிள்ளைகள் அதைப் பார்க்கவே வேண்டாம். பக்கவாட்டில் மாட்டும் ஏணி ஒன்று வாங்கிவிடு, கயிறு வாங்குவதற்கு முன்பே.

ஸ்கீயைப் பற்றி மட்டும் ஆசையாகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரியவனுக்கு இரண்டு அகலமான ஸ்கீ, முதல் நாட்களில் நுனிகள் விலகாமல் ஒரு கட்டு. தண்ணீரில் நாற்காலியில் உட்கார்வதுபோல முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையை நீட்டி, கயிறு இரண்டு ஸ்கீக்கும் நடுவில் இருக்கும்படி மிதக்கச் சொல். எழுந்திருக்க முயற்சி செய்யாதே, படகு உன்னை எழுப்பும் என்று காதில் ஓது. எல்லாப் பிள்ளைகளும் கையை மடக்கித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும், உடனே பின்னால் விழும். ஓட்டுபவர் மெல்லக் கயிற்றின் தொய்வை எடுத்து, சைகை வந்ததும் உறுதியாக, ஆனால் உதறாமல் திராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) கொடுக்கவேண்டும். எழுந்ததும் கொஞ்சம் குறைத்து 22, 25 கிலோமீட்டரில் நிறுத்தினால் போதும். உன் படகு இலேசானது, அவன் ஓரத்துக்குப் போனால் பின்பகுதியைக் கொஞ்சம் இழுப்பான். ஸ்டியரிங்கில் அது தெரியும், பயப்படாதே. இந்தப் படகு எழுப்பும் அலை சின்னதுதான், பழகுகிறவனுக்கு அதுவே நல்லது.

காலையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், மீனும் அப்போதுதான் கடிக்கும். அந்தச் சண்டையை மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்குறை வராது. ஒரே நாளில் இரண்டையும் வைத்தால்தான் படகைக் காலி செய்வதில் அவசரம் வரும்.

படகில் எடை எழுதிய ஒரு தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு கிலோ என்று பார்த்து, எஞ்சினின் ஹெச்பியோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்பு. இழுபடுகிற பிள்ளைக்கும் படகில் ஓர் இடம் இருக்கவேண்டும், அவர்களையும் சேர்த்தே எண்ணு. காப்பீட்டுக் காகிதத்தில் டியூப், ஸ்கீ இழுப்பதற்கு இடம் உண்டா என்றும் படித்துப் பார், சில காப்பீடுகளில் அது சேராது. புரொப்பல்லரை இப்போதே வாங்கிவிடாதே. எண்கள் வந்ததும் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். ஏணியை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடு.

அன்புடன்,
அப்பா