தோட்டத்து வரைபடத்தை நாமே வரைவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டிங்ஹாமில் பணிபுரியும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, கடந்த நவம்பர் இறுதியில் லக்ஸ்டன் என்னும் சிற்றூருக்குப் போய்வந்தேன். இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே திறந்த வயல்கள் வேலியடைக்கப்பட்டுத் தனிப் பண்ணைகளாகிவிட்டன. லக்ஸ்டனில் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள் இன்றும் வேலியின்றிக் கிடக்கின்றன. உழவர்களின் நிலம் இம்மூன்றிலும் நீண்ட பட்டைகளாகச் சிதறியிருக்கிறது. ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு அல்லது புல் என்று வயல்கள் முறை மாறி வருகின்றன.

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே நம் ஊர் வரப்பு போல எதுவும் கிடையாது. ஒருவர் ஒரு சால் தள்ளி உழுதாலே பொதுப் பாதையோ பக்கத்தார் நிலமோ குறைந்துவிடும் என்பதால், உழவர்களே அடங்கிய நடுவர் குழு ஒன்று கோதுமை விதைத்த வயலை ஆண்டுதோறும் சுற்றிப் பார்த்து எல்லையைக் குறிக்கிறது. அதை நான் பாதையோரம் நின்று பார்த்தேன். ஒருவர் முளைக்குச்சியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, மூன்றாமவர் சேற்றுக் காலோடு இருபதடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். கோணல் என்று அவர் கைகாட்டியதும் குச்சியைப் பிடுங்கி மறுபடி அடித்தார்கள். அடுத்த வாரம் ஊர் மதுக்கடையில் கூடும் 'கோர்ட் லீட்' என்னும் பழைய நீதிமன்றத்தில் எல்லை மீறியவருக்கு அபராதம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான், ஆனால் அண்டை வீட்டார் நடுவே பெயர் வாசிக்கப்படுவதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு வரைபடம். 1635-இல் அவ்வூரின் உடைமையாளராயிருந்த சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த அப்படம் இப்போது ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் அதில் உண்டு. உழுபவர்கள், அறுப்பவர்கள்கூடச் சிற்றுருவங்களாக அதில் நிற்கிறார்கள். லக்ஸ்டன் உழவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்களே. நிலம் 1952-இல் அப்போதைய உடைமையாளரான பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சுக்கும், 1981-இல் அரச உடைமை நிறுவனத்துக்கும், 2020-இல் தோர்ஸ்பி பண்ணைக்கும் கைமாறியது. ஆனால் எந்த மூலையில் யார் உழுதார் என்பது அழியவில்லை.

நானும் நிலம் சொந்தமில்லாதவர்களின் மகள்தான். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு, எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டமாகி, இன்று வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. மூன்று தலைமுறை அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தோம். எங்கள் பெயர் கிராணி என்னும் தோட்டக் கணக்கரின் சம்பளப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அந்தப் புத்தகமும் போன இடம் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு பெரிய தாளில் அத்தோட்டத்தை வரைந்தேன். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், அதன் பின்னால் சுடுகாட்டுப் பாதை, லயங்கள் என்னும் வரிசை வீடுகள் என ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. 81 வயதான என் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, கிணறு ஐந்தாவது லயத்துக்கு இந்தப் பக்கம் என்று திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு தோட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் கையால் வரைந்தனுப்பும் படங்களை வெளியிட வேண்டுகிறேன். அதே தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மறுவாரம் பிழை திருத்தட்டும். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கட்டும். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் எண்பதைக் கடந்தவர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

என் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். வடக்கு லயத்தின் கடைசி இரண்டு வீடுகளில் யார் குடியிருந்தார்கள் என்பது எனக்கும் அண்ணனுக்கும் நினைவில்லை. அவ்விரு கட்டங்களையும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்.