பதக்கத்தின் விளிம்பையும் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப்போர் முடிந்த நாளான நவம்பர் 11 நெருங்கினால், 'தாத்தாவின் வீரப் பதக்கம்' என்ற தலைப்பில் வெள்ளி வட்டு ஒன்றின் படம் ஏதாவது ஒரு நாளிதழில் வந்துவிடுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, அல்லது மறுபக்கத்தில் குதிரை மேல் ஆடையின்றி அமர்ந்திருக்கும் வீரன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பதக்கம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அது பிரிட்டிஷ் வார் மெடல்; அதே அச்சில் சுமார் 65 லட்சம் பதக்கங்கள் அடிக்கப்பட்டன. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருப்பது விளிம்பில். அதைத்தான் யாரும் படம் எடுப்பதில்லை.

'வீரப் பதக்கம்' என்ற தலைப்பும் தவறு. இது 1914-18 போரில் பணியாற்றியதற்குத் தரப்பட்ட சேவைப் பதக்கம். துணிச்சலுக்குத் தரப்பட்டவை இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல் போன்றவை; அவற்றைப் பெற்றவர் பெயர் அரசிதழில் வரும். சேவைப் பதக்கத்துக்கு அரசிதழைப் புரட்டுவது வீண் வேலை. இன்னொன்று, இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. சுமைதூக்குவோர், முகாம் தொழிலாளர் முதலானோருக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். வெள்ளி இல்லை என்பதால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

விளிம்பைப் படிப்பதற்கு முன் துலக்க வேண்டாம். வெள்ளிக்கு விபூதி, வெண்கலத்துக்குப் புளி என்று கை தானாகப் போகும். விபூதி எழுத்தின் முனைகளைத் தேய்க்கும்; புளியின் அமிலம் வெண்கலத்தின் மேல்பரப்பை அரிக்கும். ஏற்கெனவே மங்கிப்போன எண்ணில் ஓர் இலக்கம் போனாலும் தேடல் அங்கேயே முடிந்துவிடும். வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, அது போதும்.

பிறகு இருட்டறையில் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை வாக்கில் பிடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கைப்பேசியில் ஏழெட்டுப் படங்கள் எடுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய காகிதத்தில் 12 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டி, விளிம்பில் இறுகச் சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கலாம். பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ., சுற்றளவு 11.3 செ.மீ. என்பதால் ஒரே பட்டையில் முழு வரியும் விழும். 3-ஐயும் 8-ஐயும், 1-ஐயும் 7-ஐயும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான பிழை. ஐயமான இலக்கத்துக்கு இரண்டு வாசிப்புகளையும் எழுதி வைத்து இரண்டையும் தேடுங்கள்.

சில வீடுகளில் மேல் கொக்கியை அறுத்துவிட்டு, வளையம் பற்றவைத்து டாலராகக் கோர்த்திருப்பார்கள். பற்றாசு சில எழுத்துகளை மூடியிருக்கும். அதைச் சுரண்டக் கூடாது. தெரிகிற மிச்சத்தை வைத்தே தேட வேண்டும். கடையில் வாங்கிய பதக்கம் என்றால் வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தை அளந்துவிடுங்கள். 36 மி.மீ.க்குத் தெளிவாகக் குறைந்தால், பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் பொறித்திருக்க வாய்ப்பு அதிகம். 1914-15 ஸ்டார் எனும் நட்சத்திரப் பதக்கத்தில் விளிம்புக்கு வேலையில்லை, பெயர் பின்பக்கத்தில் இருக்கும். அது இருந்தால் அவர் 1915 டிசம்பர் 31-க்குள் போர்முனைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

சுருக்கெழுத்துகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எஸ்.இ.பி. சிப்பாய், எஸ்.பி.ஆர். சேப்பர் (படையின் பொறியியல் பிரிவு வீரர்), என்.கே. நாயக், ஹெச்.ஏ.வி. ஹவில்தார், ஜெ.இ.எம். ஜமேதார். '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்று இருந்தால் அந்த 2 பட்டாலியன் எண் அல்ல. விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய 2-ஆவது சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது இன்று பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பாக இருக்கும் படை. காலாட்படை என்றால் இன்னும் சிக்கல். 1903-இல் மெட்ராஸ் படைப்பிரிவுகளின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 13-ஆவது மெட்ராஸ் இன்ஃபன்ட்ரி 73-ஆவது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆனது. 23-ஆவது, 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1922-இல் மறுபடியும் பெயர் மாற்றி 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் ஆக்கினார்கள். பிறகு அவற்றையும் ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். மெட்ராஸ் பயோனியர்ஸ் என்ற தனிப் படையும் 1933-இல் கலைக்கப்பட்டது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப்போரின்போது மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. ஆகவே 83-ஆவது படைக்காரரைப் பற்றி நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமென்ட்டின் மையத்துக்கு எழுதினால் விவரம் கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; விளிம்பில் தகப்பனார் பெயரும் வராது. முனிசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் ஆள். முதல் போர்க்காலத்தில் எண் அந்தந்தப் படைப்பிரிவுக்குள் மட்டும் செல்லும் என்பதால் ஒரே எண் வேறு வேறு படையில் வேறு வேறு ஆளுக்கு இருக்கும்.

இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினரின் நட்சத்திரங்களிலோ பின்பக்கம் பெயர் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே கொத்தில் இருக்கும் பதக்கங்களில் எண் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால், அது யாரோ சேர்த்துக் கட்டிய கொத்தாக இருக்கலாம். 'தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்' என்ற குடும்பக் கதையையும் இங்கே சரிபார்க்கலாம். பர்மா ஸ்டார் இல்லாமல், இந்திய வரைபடம் பொறித்த இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்தால், அது போர்முனைக்கு வெளியே இந்தியாவில் குறைந்தது மூன்று ஆண்டு பணியாற்றியதற்கான பதக்கம்.

இனி எங்கே தேடுவது? லண்டனில் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பணம் கட்டாதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும் பணிக் கோப்புகள் பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 372 தொகுப்பில் முதல் போர்ப் பதக்க அட்டைகள் உண்டு. இந்தியச் சிப்பாய்களைப் பொறுத்தவரை அது அரைகுறை. அட்டவணையைக் காசில்லாமல் தேடலாம் என்பதால் பார்த்துவிடுவதில் நட்டமில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து இணையத்துக்கு வந்த பதிவேடுகள் பஞ்சாபுக்கு மட்டுமானவை.

போரில் இறந்தவர் என்றால் வேலை எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். மெசபொட்டேமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த சிப்பாய்களின் பெயர் பாஸ்ரா நினைவுச்சுவரில் வெட்டப்படவில்லை. பட்டியலில்தான் பார்க்க வேண்டும். 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள்' என்று நம் ஊர்களில் பதித்திருக்கும் கல்வெட்டுகளில் எண்ணிக்கை மட்டுமே உண்டு, பெயர் இருக்காது.

உயிரோடு திரும்பியவர் என்றால் இரண்டாம் போர்க்காலத்தவருக்கு மட்டும் ஓரளவு வழி இருக்கிறது. சேப்பர் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற தளவாட வழங்கல் படை) என்றால் பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. தெற்கு ஆவண அலுவலகம், மருத்துவப் படை என்றால் லக்னோ, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். 'பணி விவரம் தருக' என்று பொதுவாக எழுதினால், 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்ற பதில்தான் வரும். ஓய்வூதியம் பெறாதவரின் ஷீட் ரோல், அதாவது தனி ஆளின் பணிப் பதிவு, 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுவதால் அந்தப் பதில் பொய்யும் அல்ல. ஆனால் லாங் ரோல் என்ற பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும், அதை அழிப்பதில்லை. 'லாங் ரோல் பதிவின் நகல்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எண், பதவி, பெயர், விளிம்பின் படம், உறவுமுறைக்கான சான்று இவற்றை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் கிடப்பில் போகும் வாய்ப்பு குறைவு.

அதுவும் பலிக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். 'தனிநபர் தகவல்' என்று 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி மறுத்தால், மேல்முறையீட்டில் 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இப்படிக்கு,
பழைய போர்ப் பதக்கங்களை ஆராயும் வாசகர்கள்,
வேலூர்.